எந்த சிந்தசைசர் சிறந்தது என்னும் பிழையான கேள்வி

மின்னணு நடன இசையை உருவாக்கப் பழகும் மாணவர் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்: எந்த மென்பொருள் சிந்தசைசரை வாங்குவது? விடை சொல்லப் பட்டியல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. தலைசிறந்த பத்து, தவிர்க்கவே முடியாத ஐந்து, தொழில்முறைக் கலைஞர்கள் வெளியே சொல்லாத மூன்று. பட்டியலுக்குப் பட்டியல் வரிசை மாறும். ஒன்றில் மட்டும் அனைத்தும் ஒத்துப்போகும். சிந்தசைசர் என்பது கடையில் வாங்கும் சரக்கு, விலையும் புகழும் அதன் தரத்தைச் சொல்லிவிடும் என்பதே அந்த ஒற்றுமை. எவ்வகை ஒலி தேவை, அது எம்முறையில் பிறக்கிறது, அம்முறையை இக்கருவி எவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிறது என்ற கேள்விகள் அங்கே எழுவதே இல்லை.

இந்தப் பட்டியல் மனநிலை வணிகத்தோடு நின்றிருந்தால் அதை விட்டுவிடலாம். ஒலியியலும் இசைத் தொழில்நுட்பமும் ஊடகக் கல்வியும் கற்பிக்கப்படும் வகுப்பறைக்குள்ளும் அது நுழையும்போதுதான் எதிர்க்க வேண்டியதாகிறது. கருவியின் பெயரைப் பாடத்தின் பெயராகவும், ப்ரீசெட் தேடும் திறனை ஒலி குறித்த அறிவாகவும் கொள்ளும் கல்வி, மாணவருக்குக் கற்றுத்தருவது நுகர்வை மட்டுமே.

இங்கு முன்வைக்கப்படும் வாதம் எளியது. ஒரு சிந்தசைசரைத் தேர்வது ஓர் ஒலியாக்க முறையைத் தேர்வதாகும். ஆகவே தேர்வுக்கு மூன்று அளவுகோல்கள் போதும். அது எந்த முறையில் ஒலியை உண்டாக்குகிறது? அந்த முறையைப் பயில்பவர் கண்ணுக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா? எந்தச் சுருதி அமைப்பை அது இயல்பானது என்று கொண்டு மற்றவற்றை வெளியே நிறுத்துகிறது? இம்மூன்றாலும் அளந்தால், பட்டியல்களின் முதலிடங்கள் பல கீழிறங்கும்; விலையில்லாமல் கிடைப்பவை என்ற காரணத்தாலேயே ஏளனம் செய்யப்படும் சில கருவிகள் மேலேறும்.

முதலில் முறை. கழித்தல் முறை என்று அறியப்படும் ஒலியாக்கத்தை மொழியியல் படித்த எவரும் உடனே அடையாளம் காண்பர். அது பேச்சொலியின் பிறப்பைப் போன்றது. குரல்நாண்கள் சீரிசைகள் நிறைந்த ஓர் இரைச்சலை எழுப்புகின்றன. தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் குழிவுகள் அதில் சில பகுதிகளை வலுவாக்கிச் சிலவற்றை அடக்குகின்றன. 1960-இல் வெளிவந்த நூலில் குன்னர் ஃபான்ட் விரிவாக நிறுவிய மூல-வடிப்பான் கோட்பாடு இதுதான். உந்தியில் எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்லும் ஒழுங்கும் இதற்கு அயலானதன்று. சிந்தசைசரில் ரம்பப்பல் வடிவ அலை குரல்நாணின் இடத்தில் நிற்கிறது. வடிப்பான் வாயின் இடத்தில் நிற்கிறது.

இந்த ஒப்புமை அலங்காரத்துக்காகச் சொல்லப்படுவதன்று. ஆண்குரலில் ‘ஆ’ என்னும் உயிருக்கு முதல் இரண்டு ஃபார்மண்டுகள் ஏறத்தாழ 700, 1,100 ஹெர்ட்ஸில் அமைகின்றன. ‘ஈ’ என்பதற்கு 300, 2,300 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகின்றன. டப்ஸ்டெப் இசையில் ‘பேசுகிற’ கீழ்ச்சுரம் என்று வியக்கப்படும் ஒலி, ஒரு கனத்த அலையின்மேல் இத்தகைய இரண்டு முகடுகளை ஓர் உயிரொலியிலிருந்து மற்றோர் உயிரொலிக்குத் தாளத்தோடு நகர்த்துவதால் பிறக்கக் கூடியது. இதை அறிந்த மாணவர், வடிப்பான்கள் இரண்டு உள்ள எந்தக் கருவியிலும் அதை நெருங்கிவிடுவார். இதை அறியாதவர் உறுமல் ப்ரீசெட் தொகுப்புகளுக்கு மாதந்தோறும் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது முறை அதிர்வெண் பண்பேற்றம். 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங், ஒரு சுரத்தின் அதிர்வை மேலும் கீழும் அசைக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்துக்குமேல் செவி அதை அசைவாகக் கேட்காமல் புதிய ஒலிவண்ணமாகக் கேட்பதைக் கண்டார். 1973-இல் கட்டுரையாக வெளிவந்த அக்கண்டுபிடிப்பை யமஹா நிறுவனம் உரிமம் பெற்று 1983-இல் டிஎக்ஸ்7 என்னும் கருவியாக்கியது: ஆறு ஆபரேட்டர்கள், அவற்றை இணைக்கும் 32 வழிமுறைகள். இரு அலைகளின் அதிர்வெண் விகிதம் 1:2 போல முழு எண்ணாக இருந்தால் ஒலி ஒரு சுரமாக ஒன்றிநிற்கும், 1:1.4 போல இருந்தால் மணியோசையாகச் சிதறும். உலோக ஒலி, கண்ணாடித் தன்மை, கூரிய அடிச்சுரம் ஆகியவற்றுக்கு இம்முறையே இயல்பான வழி. எத்தனை விலைமிக்க கழித்தல்முறைக் கருவியும் இங்கே திணறும்.

மூன்றாவது, வேவ்டேபிள் முறை. சிறு அலைவடிவங்களை வரிசையாக அடுக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வதால் ஒலியை உருமாற்றுவது. ஜெர்மனியில் வொல்ஃப்காங் பாம் தம் பிபிஜி கருவிகளில் இதை நிலைநாட்டினார். 2014-இல் ஸ்டீவ் டூடா வெளியிட்ட செரம், ஒரு வேவ்டேபிளில் 256 சட்டங்கள்வரை இடமளித்து, அவை நகர்வதைத் திரையிலேயே காட்டியது. செரத்தின் உண்மையான சிறப்பு அந்தக் காட்சியில் இருக்கிறது. ஆசிலேட்டரின் வடிவம், வடிப்பானின் வளைவு, எது எதை அசைக்கிறது என்பதெல்லாம் பயில்பவர் கண்முன் நடந்தன. பட்டியல்கள் அதன் புகழைப் பேசுகின்றன. அதைப் பயிற்றுக்கருவியாக்கிய இந்தக் குணத்தைப் பேசுவதில்லை.

டிரான்ஸ் இசையின் அகன்ற, மிதக்கும் ஒலிக்கும் ஒரு பிறப்புவழி உண்டு. ரோலண்ட் நிறுவனத்தின் ஜேபி-8000 கருவி 1990-களின் பிற்பாதியில் ‘சூப்பர்சா’ என்ற ஒன்றைத் தந்தது: ஒரே சுரத்தில் சற்றே விலகி ஒலிக்கும் ஏழு ரம்பப்பல் அலைகள். அவ்வளவே அதன் அடிப்படை. பின்னர் வந்த சைலென்த்1 என்னும் மென்பொருள் நான்கு ஆசிலேட்டர்களில் ஒவ்வொன்றையும் எட்டுக் குரல்களாகப் பெருக்க வழிசெய்தபோது, ஓர் இளைஞரின் மடிக்கணினியிலேயே அந்த ஒலி சாத்தியமாயிற்று. இன்று விலையில்லாமல் கிடைக்கும் கருவிகளிலும் இந்தப் பெருக்கம் உண்டு.

இவற்றைச் சொன்னபின் ‘எது சிறந்தது’ என்ற கேள்வி தானாகவே நொறுங்குகிறது. ஆசிட் ஹவுஸின் நெளியும் கீழ்ச்சுர வரிக்கு ஓர் ஆசிலேட்டர், ஒரு வடிப்பான், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் வசதி, சில சுரங்களை அழுத்திச் சொல்லும் வசதி ஆகியவை போதும். நூறு வசதிகள் கொண்ட கருவி அங்கே எதையும் கூட்டித் தராது. சரியான கேள்வி: எந்த ஒலிக்கு, எந்த முறை?

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வழக்கமாக எழும். மூன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம் பெருந்தன்மையான தோற்றம் கொண்டது: கருவி முக்கியமில்லை, கலைஞனே முக்கியம். கேட்க இனிமையான இச்சொல் உண்மைக்குப் புறம்பானது. ரோலண்ட் டிபி-303 என்ற சிறு பெட்டி 1980-களின் தொடக்கத்தில், பேஸ் கிட்டார் வாசிப்பவர் இல்லாத இடத்தை நிரப்பும் கருவியாக விற்பனைக்கு வந்தது. பேஸ் கிட்டாரைப் போல அது ஒலிக்கவில்லை, வணிகத்தில் தோற்றது, சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அப்பெட்டியின் வடிப்பான் குமிழ்களை, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகியதிலிருந்து சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 1987-இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது. ஓர் இசைவகையே பெயர் பெற்றது. அந்தக் கருவியின் வழுக்கலும் அழுத்தமும் வடிப்பானின் கீச்சொலியும் இல்லாமல் அந்த இசை இல்லை. கருவி முக்கியம்தான். ஆனால் அதன் முக்கியத்துவம் விலையிலோ, செய்தவர் எண்ணிய பயனிலோ இல்லை. பயன்படுத்துபவர் அதன் உள்ளமைப்பை எவ்வளவு நெருங்கித் தொட முடிந்தது என்பதில் இருந்தது. ‘கலைஞனே முக்கியம்’ என்போர் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர். அதன் விளைவு, மாணவர் தம் தோல்விக்குத் தம் திறமையை மட்டுமே குறைசொல்லிக்கொள்வதும், உள்ளமைப்பை மூடிவைத்த கருவி கேள்விக்கு ஆளாகாமல் தப்பிவிடுவதுமே.

இரண்டாவது வாதம் தொழில்துறைத் தரம் பற்றியது. துறையில் இருப்போர் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே கற்பிக்க வேண்டும், இல்லையேல் மாணவருக்கு வேலை கிடைக்காது என்பர். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் மேசிவ் 2000-களின் பின்பகுதியில் அந்த அரியணையில் அமர்ந்திருந்தது. 2014-க்குப் பின் செரம் அமர்ந்தது. 2020-இல் மேட் டைட்டெல் வெளியிட்ட வைட்டல் அதே வகை ஒலியாக்கத்தை விலையின்றித் தந்து அந்த அரியணையை ஆட்டியது. 2025-இல் செரத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. ஒரு பாடத்திட்டம் வரைவாகி, குழுக்களில் ஒப்புதல் பெற்று, வகுப்பறைக்கு வந்துசேரும் காலத்துக்குள் தரம் என்று சொல்லப்பட்டதே மாறிவிடுகிறது. மாறாமல் நிற்பவை ஆசிலேட்டர், வடிப்பான், என்வலப், பண்பேற்றம் என்ற கருத்துகள். இவற்றைக் கற்றவர் புதிய கருவியை ஒரு பிற்பகலில் பழகிவிடுவார். ஒரு நிறுவனத்தின் பொத்தான் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர், அந்த நிறுவனம் பொத்தானை இடம் மாற்றினால் மீண்டும் முதல் வகுப்புக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வாதம் ஒலித்தரம். இது முற்றிலும் பொய்யன்று என்பதால் கவனமாகப் பார்க்கத் தக்கது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் கணினி, அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் உள்ளபடி ஏற்காது. 1,000 ஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலையைக் கவனமின்றி எண்களாக்கினால், அதன் 25-ஆம் சீரிசை 25,000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது மடிந்து 19,100-இல் வந்து விழும். 40-ஆம் சீரிசை 4,100-இல் வந்து விழும். இவை மூலச்சுரத்தோடு எவ்வுறவும் இல்லாத அந்நிய ஒலிகள். அலியாசிங் என்னும் இந்தக் கோளாற்றைத் தவிர்க்கும் திறனில் கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு. பழைய மென்பொருள்கள் சில இதில் தடுமாறியதும் உண்மை. ஆனால் இது அளக்கக் கூடிய ஒன்று. உயர்ந்த சுரம் ஒன்றை ஒலிக்கவிட்டு, அலைமாலை காட்டும் கருவியில் பார்த்தால் மடிந்த கோடுகள் கண்ணுக்குத் தெரியும். ஓர் இளநிலை மாணவர் அரைமணி நேரத்தில் செய்யத்தக்க சோதனை. அச்சோதனையைச் செய்யாமல், ‘வெதுவெதுப்பான ஒலி’, ‘பட்டுப்போன்ற ஒலி’, ‘அனலாக் ஆன்மா’ என்று எழுதுவது ஆய்வுமொழியாகாது. விளம்பரத்தின் மொழி அது. ஒலியியல் துறைகள் அந்த மொழியை இரவல் வாங்குவது வெட்கத்துக்குரியது.

இனி, எந்தப் பட்டியலும் தொடாத சுருதிக்கு வரலாம். கருவிகளின் தலையாய முன்முடிவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மென்பொருள் சிந்தசைசரைத் திறந்தவுடன் அது ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகங்களாக வெட்டியே ஒலிக்கிறது. அவ்வமைப்பில் காந்தாரம் ஆதாரச் சுருதியிலிருந்து 400 செண்ட் தொலைவில் நிற்கும். 5:4 என்ற விகிதத்தில் இசையும் காந்தாரமோ 386 செண்டில் நிற்கிறது. இந்தப் பதினான்கு செண்ட் காகிதத்தில் சிறியது; செவியில் சிறியதன்று. 130.8 ஹெர்ட்ஸில் தொடர்ந்து ஒலிக்கும் ஆதாரச் சுருதியின் ஐந்தாம் சீரிசை 654 ஹெர்ட்ஸில் விழ, சமபாகக் காந்தாரத்தின் நான்காம் சீரிசை 659 ஹெர்ட்ஸை ஒட்டி விழுகிறது. நொடிக்கு ஐந்துமுறை ஒலி துடிக்கும். தம்பூராவைப் போல நிலைத்த ஆதாரத்தின்மேல் இசை கட்டும் மரபில் வளர்ந்த செவிக்கு அத்துடிப்பு உறுத்தலாகவே கேட்கும்.

கமகம் இதனினும் சிக்கலானது. 1983-இல் உருவான மிடி நெறிமுறையில் சுரத்தை வளைக்கும் கட்டளை ஒரு சேனல் முழுவதற்குமானது. பிடித்துவைத்த இரு சுரங்களில் ஒன்றை மட்டும் வளைக்க எண்ணினால் இரண்டுமே வளையும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் ஒதுக்கி இச்சிக்கலைத் தீர்க்கும் எம்பிஇ என்ற விரிவு 2018-இல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. ஆனால் 1991-இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி தரநிலையின் 128 ஒலிகளில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் தரப்பட்டிருந்தது. ஜப்பானின் கோட்டோ, ஆப்பிரிக்காவின் கலிம்பா, ஸ்காட்லாந்தை நினைவூட்டும் பைகுழல் ஆகியவற்றோடு ஒரே பெட்டியில், ‘எத்னிக்’ என்ற தலைப்பின்கீழ். வாத்தியத்தின் பெயரும் ஒலிவண்ணமும் உள்ளே வந்தன; அது இசைக்கும் சுருதியும் அசைவும் வெளியே நின்றன. இன்றும் பல ப்ரீசெட் தொகுப்புகளில் அந்தப் பெட்டி அதே பெயரில் இருக்கிறது. இந்தியாவில் நடன இசை செய்வோர் பலர் வாத்திய ஒலிப்பதிவின் துண்டை வெட்டி ஹவுஸ் தாளத்தின்மேல் ஒட்டுவதோடு நின்றுவிடுவதற்கு அவர்களின் சோம்பலை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. கையிலிருக்கும் கருவி வேறு வழியைக் காட்டவில்லை என்பதும் ஒரு காரணம்.

வழி இல்லாமல் இல்லை. வெம்பர் ஆடியோ என்ற பெயரில் வணிகமாக விற்கப்பட்டு, 2018-இல் அதைச் செய்தவராலேயே திறந்த மூலநிரலாக விடப்பட்டு, தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் சர்ஜ் எக்ஸ்டி, ஸ்காலா வடிவச் சுருதிக் கோப்புகளை நேரடியாக ஏற்கிறது. ஸ்காலா தொகுப்பில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகள் உள்ளன. இல்லாத ஒன்றை எளிய உரைக்கோப்பாக மாணவரே எழுதிக்கொள்ளலாம். வைட்டலும் இக்கோப்புகளை ஏற்கும். இரண்டும் எம்பிஇ அறிந்தவை. ‘இந்தக் கருவியில் சுருதியை மாற்ற முடியுமா’ என்ற ஒரே கேள்வியைத் தேர்வின் முதல் வரியாக வைத்தால் பட்டியல்கள் எவ்வளவு மாறிப்போகும் என்பதை எவரும் முயன்று பார்க்கலாம்.

பணம் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் நேர்மையாகாது. செரத்தின் முதல் பதிப்பு 189 டாலருக்கு விற்கப்பட்டது. டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் அது பதினாறாயிரம் ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதி இல்லாத முனைவர் பட்ட மாணவருக்கான உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். ஆக, ஒரே ஒரு சிந்தசைசரின் விலை அவருடைய இரண்டு மாதச் சாப்பாடு, பேருந்து, புத்தகம் எல்லாம் சேர்ந்தது. இந்நிலையில் ஒரு பாடம் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கினால் அதன் பொருள் என்ன? பணம் உள்ளவர் வாங்குவார். இல்லாதவர் திருட்டுப் பிரதியைத் தேடுவார். திருட்டுப் பிரதியை நாடும் மாணவரை ஒழுக்கத்தின் பெயரால் கண்டிக்கும் ஆசிரியர், அந்தத் திருட்டுக்கு வழிவகுத்த பாடத்திட்டத்தைக் கண்டிப்பதில்லை.

அத்திருட்டில் ஏதோ கலகம் இருப்பதாகக் கருதும் மாணவரும் ஏமாந்துபோகிறார். உடைக்கப்பட்ட பிரதி அவரை அந்த நிறுவனத்தின் உலகத்துக்குள்ளேயே கட்டிப்போடுகிறது. சந்தையில் இல்லாத இடத்திலும் நிறுவனத்தின் கருவியே தரம் என்ற எண்ணத்தை அவரே பரப்புகிறார். இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் அவருடைய பழைய ப்ராஜெக்ட் திறக்காமல் போகலாம். ஆய்வேட்டில் தாம் உருவாக்கிய ஒலியை விளக்க வேண்டிய இடத்தில் கருவியின் பெயரை எழுதவே தயங்குவார். மீள்செய்து சரிபார்க்க இயலாத ஒலி, ஆய்வில் சான்றாகாது. சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டிஎக்ஸ்7-ஐ மென்பொருளில் மீட்டுருவாக்கும் டெக்ஸ்ட் ஆகிய மூன்றும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குபவை. அவற்றின் மூலநிரல் பொதுவில் இருக்கிறது. ஒரு வடிப்பான் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை மாணவர் வாசிக்கலாம், மாற்றலாம், தம் ஒலிக்கோப்பை எவரோடும் பகிரலாம். மூடிய கருவி எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் இந்த உரிமையைத் தராது.

மென்பொருள் எழுதுவோர் உழைப்புக்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். இசையால் வருமானம் ஈட்டுவோர் கருவிக்குப் பணம் கொடுப்பதே முறை. வைட்டலிலும் விலையுள்ள பதிப்புகள் உண்டு. இசைக்கும் இயந்திரத்தை விலையின்றித் தந்து, கூடுதல் ப்ரீசெட்டுகளுக்கும் வேவ்டேபிள்களுக்கும் விலை வைத்த ஏற்பாடு அது. இங்கு எதிர்க்கப்படுவது விற்பனை இல்லை. கற்பதற்கே விற்பனையை நுழைவாயிலாக்குவது.

இந்தியாவில் மின்னணு இசையின் வரலாறு இந்த விவாதத்துக்கு இரண்டு படிப்பினைகளைத் தருகிறது. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடரின் துணையோடு மூக் சிந்தசைசர் கொண்ட ஒலிக்கூடம் ஒன்று அமைந்தது. கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே பணியாற்றினர். அந்தக் கருவியில் ப்ரீசெட் கிடையாது. ஒவ்வோர் ஒலியையும் கம்பிகளைச் செருகி இணைத்தே உருவாக்க வேண்டும். சில ஆண்டுகளில் அக்கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் பல பதிற்றாண்டுகள் காப்பகத்தில் கிடந்து, பால் பர்கஸின் முயற்சியால் 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. ஓர் அறையில், ஒரு கருவியில் அடங்கிய அறிவு வாரிசு இன்றி நின்றது. பகிர முடியாத கருவியில் கற்ற அறிவுக்கு நேரக்கூடியது இது.

இரண்டாவது, மும்பைத் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங். 1982-இல் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளைக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து அவர் வெளியிட்ட இசைத்தட்டு அன்று விற்கவில்லை. 2010-இல் மறுபதிப்பான பின் உலகம் வியந்தது. உடனே, ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்ததே இந்தியா என்று ஒரு பெருமிதம் எழுந்தது. அது வீண்பேச்சு, சிகாகோ இளைஞர்கள் அத்தட்டைக் கேட்டு இசையமைத்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. பெருமிதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் தெரிவது இன்னும் முக்கியமானது. சிகாகோவுக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, வேறொரு தேவையோடு, வேறொருவர் அதே பெட்டியிடம் சென்றிருக்கிறார். ராகத்தின் சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழைய வேண்டும். அப்பெட்டிக்கு வழுக்கத் தெரியும். இசையின் தேவையும் கருவியின் இயல்பும் அங்கே சந்தித்தன. அன்று எந்தப் பட்டியலும் ராகத்துக்கு டிபி-303-ஐப் பரிந்துரைத்திருக்காது. இன்றைய பட்டியல்களும் இத்தகைய சந்திப்பு எதையும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை.

ஆகவே ஒலியைக் கற்பிக்கும் துறைகளிடம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன.

ஒன்று: பாடத்தின் தலைப்பிலும் தேர்விலும் நிறுவனப் பெயர்கள் நீங்கட்டும், கழித்தல் முறை, அதிர்வெண் பண்பேற்றம், வேவ்டேபிள் என முறைகளின் பெயர்கள் அமரட்டும்.

இரண்டு: வகுப்பறையின் அடிப்படைக் கருவிகள் திறந்த மூலநிரல் கொண்டவையாக இருக்கட்டும். விலையுள்ள கருவி தேவையெனில் துறை அதை வாங்கி ஆய்வகத்தில் வைக்கட்டும்; மாணவர் தலையில் கட்டக்கூடாது.

மூன்று: முதல் பருவத்தில் ப்ரீசெட்டுகளுக்கு இடமில்லை. அமைப்புகள் அனைத்தும் நீக்கப்பட்ட வெற்று நிலையிலிருந்து ஒரு கிக், ஒரு கீழ்ச்சுரம், ஒரு மிதக்கும் ஒலி, ஓர் உயிரொலி ஆகிய நான்கையும் மாணவர் தாமே கட்டி, எப்படிக் கட்டினார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதட்டும்.

நான்கு: சுருதி அமைப்பு தனிப் பாடமாகட்டும். பன்னிரண்டு சமபாகம் பலவற்றுள் ஒன்று என்பதை மாணவர் செவியால் அறியாமல் பட்டம் பெறுவது இந்த நாட்டில் குறிப்பாகப் பொருந்தாது.

ஐந்து: ஒலித்தரம் குறித்த எந்தக் கூற்றும் அளவீட்டோடு வரட்டும், அளவீடு இல்லாத உரிச்சொல் மதிப்பெண் பெறக் கூடாது.

மாணவருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது. ஒரு கருவியை எடுத்து ஓராண்டு அதிலேயே இருந்து பார்க்கலாம். எதைத் தொடங்குவது என்று இன்னும் தயங்குவோருக்கு: பல முறைகளையும் சுருதியையும் ஒரே இடத்தில் பழகச் சர்ஜ் எக்ஸ்டி, வேவ்டேபிளைக் கண்ணால் கண்டு கற்க வைட்டல், அதிர்வெண் பண்பேற்றத்தை அதன் வரலாற்று வடிவிலேயே அறிய டெக்ஸ்ட். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, பதிவிறக்கத்துக்கான இணையக் கட்டணம் மட்டுமே. ஓராண்டுக்குப் பின்னும் ஏதேனும் ஓர் ஒலி இவற்றில் அகப்படவில்லை என்றால், அது எந்த ஒலி, ஏன் அகப்படவில்லை என்பதை அவரால் அப்போது சொல்ல முடியும். பணம் கொடுத்து ஒரு கருவியை வாங்குவதற்கு ஏற்ற நேரம் அதுதான்.